எம்.ஓ. 1: ஒரு பித்தளைச் சொம்பு

"கோபத்தைக் கொஞ்சம் அடக்கி எழுதுங்க மேடம், ஜூனியர்ஸ் படிக்கப் போறாங்க" என்று வக்கீல் சங்க ஆண்டு மலர் தயாரிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. கருப்புக் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பல வருஷமாகிறது. கோபத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் விளம்பரப் பக்கங்களைப் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் கோர்ட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாஜிஸ்ட்ரேட் என்று சொல்லமாட்டேன். பெயரைச் சொன்னால் அந்த ஒருவர்மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். ஆறுமுகம் என்கிற மனிதன் ஆறு வருஷம் ஜெயிலில் இருந்ததற்கு ஒருவர் போதாது. படித்தவர்கள் பலபேர் சேர்ந்து செய்த வேலை அது.

1. ஒத்துக்கொண்டவனின் மனைவி

எழுபதுகளின் முற்பகுதி. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூரில் என் சீனியரின் வீட்டு முன்னறைதான் எங்கள் ஆபீஸ். பெண் வக்கீல் என்றால் ஜீவனாம்சக் கேஸ், மிஞ்சிப்போனால் ஒரு தத்துப் பத்திரம். கொலைக் கேஸ் கட்டு என் மேஜைக்கு வருவதென்றால் சீனியருக்குத் தூசி தட்ட ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

சரசா வந்தபோது சீனியர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். விஜயபுரம் பக்கத்துக் கிராமம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம். கையில் தீர்ப்பு நகலும் கேஸ் கட்டும்.

"வக்கீலம்மா, எங்கூட்டுக்காரருக்கு ஆயுசு தண்டன போட்டுட்டாங்க. அவரே ஒத்துக்கினாருன்றாங்க. இன்னாத்த ஒத்துக்கினாருன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்கமா."

உட்காரச் சொல்லித் தீர்ப்பைப் படித்தேன். ஆறுமுகமும் முனுசாமியும் பங்காளிகள். இருவருக்கும் பொதுக் கிணறு. தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு. "உன் மண்டைய ஒடைக்கறேன் பாரு" என்று ஆறுமுகம் ஊர் நடுவில் கத்தியதைக் கேட்ட சாட்சிகள் இருந்தார்கள். அடுத்த வாரமே முனுசாமி மண்டை உடைந்து கிணற்றடியில் கிடந்தார். பக்கத்தில் ஆறுமுகம், கையில் பித்தளைச் சொம்பு, சொம்பில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் முனுசாமிக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. மாஜிஸ்ட்ரேட் வந்து மரண வாக்குமூலம் பதிவு செய்தார். அது தெலுங்கில் இருந்தது. தமிழில் சொன்னால்: "தண்ணீருக்காக ஆறுமுகம் சொம்பால் என் தலையில் அடித்தான்." அன்றைக்கே முனுசாமி இறந்துபோனார். சொம்பு எம்.ஓ. 1, அதாவது முதல் சான்றுப்பொருள் ஆனது.

விசாரணை முடிவில் ஜட்ஜ் ஆறுமுகத்தையே கேட்டிருக்கிறார், சொம்பால் தலையில் அடித்தாயா என்று. பதில்: "ஆமாம், அடித்தேன். சாக வேண்டும் என்று அடிக்கவில்லை." செத்தவன் வாயும் சொல்லிவிட்டது, அடித்தவன் வாயும் சொல்லிவிட்டது. ஆயுள் தண்டனை.

சீனியர் வந்ததும் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "ஏம்மா, இதுல நீ என்னத்தத் தோண்டப் போற? ஜெயில்லருந்தே ஐகோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கு. அங்க யாரையாவது சர்க்கார் வைப்பாங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இங்க சறுக்கலையே."

"ஆனை சறுக்கினா கீழ இருக்கறவன்தானே சார் நசுங்கறான்" என்றேன். "முதல்ல குற்றம் செய்யலன்னு சொன்னவன், கடைசில அடிச்சேன்னு ஏன் சொல்றான்?"

"பயந்திருப்பான்."

"பயந்தவன் இல்லன்னுதான் சார் சொல்வான்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்று சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியாது. வக்காலத்துப் படிவத்தை ஜெயிலுக்கு அனுப்பி ஆறுமுகத்தின் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

2. திருப்பதி பஸ் ஸ்டாண்டு

ஆறுமுகத்துக்கு சர்க்கார் செலவில் வைக்கப்பட்ட வக்கீல் திருப்பதியில் இருந்தார். தேடிப் போனேன். வெற்றிலை மென்றுகொண்டே பேசினார். முனுசாமிக்குத் தெலுங்கு தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, அரவம்தான் என்றார். அதாவது தமிழ். மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தமிழ் தெரியுமா என்றேன்.

"ஆயன கோஸ்தாக்காரர். கொஞ்சம் கொஞ்சம் புரியும்னாரு. அரவ சினிமா எல்லாம் பாப்பாராம்." கோஸ்தா என்றால் கடலோர ஆந்திரா.

"நீங்க அதை குறுக்கு விசாரணைல கேக்கலையா?"

"ஏம்மா, வாடே ஒத்துக்கினான். அப்புறம் எந்துக்கு?" அவனே ஒத்துக்கொண்ட பிறகு எதற்கு என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிவைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கோர்ட்டுக்கு இளைத்தவன் சர்க்கார் செலவில் வக்கீல் வைக்கப்பட்ட ஏழை.

சித்தூர் பஸ்ஸுக்காக நின்றேன். கூட்டம். மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், எல்லார் மொட்டையிலும் சந்தனம். டீக்கடைக்காரர் கை நிறைய கிளாஸ்களோடு அவர்களுக்கு நடுவில் புகுந்தார். யாரோ இடித்தார்கள். ஒரு கிளாஸ் டீ அப்படியே கீழே உட்கார்ந்திருந்த அம்மாளின் மொட்டைத் தலையில் கவிழ்ந்தது.

"ஐயையோ! கொட்னான் பாரு! தலையிலயே கொட்னான் பாரு இந்தாளு!"

பக்கத்தில் நின்றிருந்த போலீஸ்காரர் பாய்ந்து வந்து டீக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார். "ஏம்ரா, ஆடமனிஷினி கொட்தாவா?" பெண்பிள்ளையை அடிப்பாயா என்று ஓர் அறை வைத்தார். அந்த அம்மாள் பதறிப்போய் எழுந்தாள்.

"அவர ஏங்க அடிக்கறீங்க? டீ தானே கொட்னாரு!"

"அதே! கொட்னாடனி நுவ்வே செப்தா உண்டாவே!" அடித்தான் என்று நீயேதானே சொல்கிறாய் என்றார் போலீஸ்காரர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்து வாக்குமூலத்தை வாய்விட்டுப் படித்தேன். "நீள்ள கோசம் ஆறுமுகம் செம்புதோ நா தலபைன கொட்டினாடு."

தமிழில் கொட்டினான் என்றால் ஊற்றினான். தெலுங்கில் கொட்டினாடு என்றால் அடித்தான். எங்கள் பக்கத்தில் பேச்சில் சொல்லும்போது ஒன்று கொட்னான், மற்றது கொட்னாடு. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இரண்டு பாஷையும் எங்களுக்குப் பழக்கம். அதனாலேயே எங்கள் காதில் இது படுவதில்லை. தெலுங்கில் எழுதியிருந்தால் தெலுங்காகவே படித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

வாக்குமூலத்தை மறுபடி தமிழாக்கிப் பார்த்தேன். தண்ணி. ஆறுமுகம். சொம்புல. தலைல கொட்னான். மண்டை உடைந்து கிடந்தவன், தன் தலையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வந்தவனின் பெயரைச் சொல்லியிருக்கிறான். கிணற்றுத் தகராறு ஏற்கெனவே மாஜிஸ்ட்ரேட் காதில் விழுந்திருந்தது. தண்ணி என்றதைத் தண்ணீருக்காக என்று எழுதிக்கொண்டார். ஒரு சொல்லைக்கூட அவர் விடவில்லை. அத்தனையும் எழுதிவிட்டு அர்த்தத்தை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்.

3. "நல்லதுதானே செஞ்சேன்"

ஜெயிலில் ஆறுமுகம் கம்பிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். ஒல்லியான ஆள், உரத்த குரல். ஊர் நடுவில் கத்தியிருப்பார் என்பதை நம்ப முடிந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சி?"

"முனுசாமி கவலை ஓட்டிக்கினு இருந்தாம்மா. நான் பக்கத்துக் கொல்லில களை எடுத்துக்கினு இருந்தேன். தடால்னு சத்தம். ஓடியாந்து பாத்தா கவலை மரம் முறிஞ்சி அவன் மண்ட மேல உழுந்து கெடக்குது. ரத்தம்னா ரத்தம். நான் குடிக்க வெச்சிருந்த சொம்புல தண்ணி மொண்டாந்து தலைல கொட்னேன். வண்டில போட்டு ரோட்டாண்ட இட்டாந்து, லாரிய நிறுத்தி ஆஸ்பத்திரில சேத்தேன். துணி எடுத்தாரலாம்னு ஊட்டுக்குப் போனேன். அங்கியே புடிச்சிக்கினாங்க."

கவலை என்றால் மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைப்பது. கிணற்றின்மேல் உத்தரம்போல் குறுக்கே கிடக்கும் மரத்தில்தான் உருளை தொங்கும். ஆள் கனமுள்ள மரம் அது.

"கோர்ட்டுல ஜட்ஜ் உங்கள என்ன கேட்டாரு?"

"அவரு இங்கிலீசுல பேசனாரு. கீழ குந்திக்கினு இருந்த கிளார்க்கு தெலுங்குல கேட்டாரு. செம்பு, தல, கொட்டினாவான்னாரு. அது புரிஞ்சிச்சி. ஆமா சாமி, கொட்னேன். சாவக்கூடாதுன்னுதான் கொட்னேன்னேன்." அவர் என்னைப் பார்த்தார். "நல்லதுதானேம்மா செஞ்சேன்? அதுக்கு ஏம்மா தண்டன?"

சாகக்கூடாது என்று ஊற்றினேன் என்றான் மனிதன். சாக வேண்டும் என்று அடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டது கோர்ட்டு. கிளார்க்கு கேட்டார், ஜட்ஜ் எழுதினார், அரசுத் தரப்பு வக்கீலான பி.பி. தலையாட்டினார், இவருடைய வக்கீல் வெற்றிலை மென்றார். அந்த அறையில் அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

நடந்ததை அவருக்குப் புரியவைத்தேன். நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஊத்தனேன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களா?" என்று கேட்டார்.

வெளியே வந்து ஜெயில் மதிலோரம் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். மிஷன் காம்பவுண்டில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வளர்ந்த எனக்கு அத்தனை வார்த்தை தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

4. கேட்காதவர்கள்

முனுசாமியின் மனைவி எல்லம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"கொலகாரனுக்கு வக்காலத்து வாங்க வந்தியா? எம் புருசன் சாவசொல்ல அவரு வாயால சொன்னதும்மா அது. அது பொய்யா?"

"பொய்யில்லம்மா. அவர் என்ன சொன்னார்னு உங்களுக்கு யாராவது தமிழ்ல சொன்னாங்களா?"

"ஆறுமுகம் அடிச்சான்னு சொன்னாருன்னாங்க."

"அடிச்சான்னு சொல்லல. தண்ணி, ஆறுமுகம், சொம்புல, தலைல கொட்னான். இதான் சொன்னார்னு நான் நினைக்கறேன்."

அவள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. உதடு மட்டும் அந்தச் சொற்களைத் திரும்பச் சொன்னது. பிறகு முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"தண்ணி கொட்னான்னா ஊத்தறதுதானேம்மா! இன்னா சொன்னாரு, இன்னாத்த எழுதிக்கினாங்க பாவிங்க!" தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மரம் உளுத்துப்போச்சி, மாத்துய்யான்னு நான் சொல்லிக்கினே இருந்தேன். ரெண்டா முறிஞ்சி கெடந்துச்சிமா. போலீசாண்ட காட்னேன். அதி அவசரம் லேதுன்னுட்டுப் போய்ட்டாரு. சரசா ஊட்டு வாசல்ல நான் மண்ண வாரித் தூத்தனேனே! அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அவசரம் லேது என்றால் எங்கள் ஊர்த் தெலுங்கில் தேவையில்லை என்று அர்த்தம். ஆள் செத்த இடத்தில் முறிந்து கிடக்கும் மரம் தேவையில்லை. ரத்தம் பட்ட சொம்பு மட்டும் தேவை, கேஸுக்குப் பொருந்துவதால்.

வாக்குமூலம் எடுக்கும்போது அறையில் இருந்த இன்னொருவர் டாக்டர். நாயுடுபேட்டையில் சொந்தமாகக் கிளினிக் போட்டிருந்தார். தெலுங்குக்காரர், ஆனால் மெட்ராஸில் படித்தவர். நன்றாகத் தமிழ் பேசினார். காப்பி வரவழைத்தார்.

"முனுசாமி சொன்னது ஞாபகம் இருக்கா டாக்டர்?"

"இருக்கே. தலைல தண்ணி கொட்னான்னாரு. யாரோ முதலுதவி செஞ்சிருக்காங்கன்னு நினைச்சிக்கிட்டேன்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "இதை ஏன் கோர்ட்டுல சொல்லல?"

"என்னை யாரு கேட்டாங்க? அந்தப் பேப்பர்ல பேஷண்ட் நினைவோட இருந்தார்னு கீழ சர்டிஃபை பண்ணேன். மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கல, அது என் வேலை இல்ல. கோர்ட்டுல, நினைவு இருந்துச்சான்னாங்க, இருந்துச்சின்னேன். இந்தச் செம்பால அடிச்சா இந்தக் காயம் வருமான்னாங்க, வரலாம்னேன்."

"மரம் விழுந்தா?"

"இன்னும் நல்லா வருமே. காயம் அகலமா இருந்துச்சி. அதை யாரும் கேக்கலையே."

இன்னும் நல்லா வருமாம்! எனக்கு அவரை அந்த நாற்காலியோடு தூக்கி வெளியே போட வேண்டும்போல் இருந்தது. கெட்டவர் இல்லை அவர். பொய் சொல்லவில்லை, காசு வாங்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன ஒழுங்கான மனிதர். அந்த ஒழுங்குதான் ஆறுமுகத்தை உள்ளே தள்ளியது. வாக்குமூலத்தை அவர் முன்னால் விரித்து வைத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். மெதுவாக, "நான் வந்து சொல்றேன்மா" என்றார்.

5. குழம்பு என்றால் யார்?

ஐகோர்ட்டில் வாதாட நான் ஏற்பாடு செய்திருந்த ஹைதராபாத் வக்கீல், "தமிழ் உங்க பாஷை, நீங்களே சொல்லுங்க" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். இரண்டு நீதிபதிகள். ஒருவர் என் வாதத்தைப் பாதி கேட்டுவிட்டு, ஒரு வினைச்சொல்லுக்காக ஆயுள் கைதியை விடச் சொல்கிறீர்களா என்றார்.

"மை லார்ட், ஒரு வினைச்சொல்லுக்காகத்தான் உள்ளே போட்டார்கள்."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. ஹைதராபாத் வக்கீல் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். நல்லவேளை, மற்ற நீதிபதி வாக்குமூலத்தை மறுபடி வாங்கிப் படித்தார். கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லிக் கீழ்க்கோர்ட்டுக்கு உத்தரவு போட்டார்கள். இந்த ஒரு பக்க உத்தரவு வருவதற்குள் அப்பீல் போட்டு வருஷங்கள் ஓடியிருந்தன. ஆறுமுகத்தின் மகள் அதற்குள் பெரியவளாகியிருந்தாள்.

கீழ்க்கோர்ட்டில் இப்போது வேறு ஜட்ஜ். டாக்டர் வந்து உள்ளதைச் சொன்னார். எல்லம்மா மரத்தைப் பற்றிச் சொன்னாள். பி.பி. அவளிடம், புருஷனைக் கொன்றவனுக்கு எதற்காகப் பரிந்து பேசுகிறாய் என்று கேட்டார். "கொல்லல சாமி, அதத்தான சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாள்.

அடுத்தது மாஜிஸ்ட்ரேட். பதவி உயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. தனக்குத் தமிழ் தெரியும், மொழிபெயர்க்கத் துபாஷி தேவைப்படவில்லை என்று உறுதியாகச் சொன்னார். ஒரு காகிதமும் பேனாவும் கொடுக்கும்படி ஜட்ஜிடம் கேட்டேன்.

"நான் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வேன். அதைத் தெலுங்கில் எழுதுங்கள். 'எங்கூட்டுக்காரரு கொழம்ப கொட்னாரு.'"

பி.பி. எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் எழுதட்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட் வேகமாக எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றது. பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கொழம்பு அண்டே எவரு?"

குழம்பு என்றால் யார் என்று! கோர்ட்டு முழுவதும் சிரித்தது. ஜட்ஜ்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர், கொழம்பு என்பவரை அடித்தார் என்றிருந்தது.

நான் சிரிக்கவில்லை. ஜெயிலிலிருந்து கூட்டி வந்து கூண்டில் நிறுத்தியிருந்த ஆறுமுகத்தைப் பார்த்தேன். எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்றைக்கும் வருகிறது. சிரிக்கிற விஷயமா இது? இந்தத் தமிழை நம்பித்தானே ஐயா ஒரு மனிதனைக் குழியில் தள்ளினீர்கள்?

"வாக்குமூலத்தை முனுசாமிக்குப் படித்துக் காட்டினீர்களா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"காட்டினேன். சரி என்றார்."

"எந்தப் பாஷையில் படித்துக் காட்டினீர்கள்?"

அவர் மறுபடி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். ஜட்ஜ் திருப்பிக் கேட்டார். "தெலுங்கில்" என்றார் மாஜிஸ்ட்ரேட். கொட்டினாடு என்று அவர் படித்திருக்கிறார். கொட்டினான் என்று காதில் வாங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறார் முனுசாமி.

6. சந்தேகத்தின் பலன்

ஐகோர்ட்டு விடுதலை செய்தது. தீர்ப்பை வாங்கிப் படித்தேன். சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுவிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பிச்சை போடுவதுபோல் பலனை அளிக்கிறார்களாம். அவர் அடிக்கவில்லை, தண்ணீர்தான் ஊற்றினார், தப்பு எங்களுடையது என்று ஒரு வரி எழுத இங்க் இல்லையா? மொழி விஷயத்தில் அதிகாரிகள் கூடுதல் கவனம் செலுத்தியிருக்கலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவ்வளவுதான். மாஜிஸ்ட்ரேட் அடுத்த பதவி உயர்வையும் வாங்கினார். திருப்பதி வக்கீல் வெற்றிலையை நிறுத்தவில்லை. சீனியர் மட்டும் தன் வீட்டுப் பூஜை அறையிலிருந்து ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

விடுதலைக்குப் பிறகு சரசா ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "அந்தச் சொம்பு எங்க நைனா எனக்குச் சீர் குடுத்ததும்மா. அத்த வாங்கிக் குடுங்க." அதற்கும் மனுப் போட வேண்டியிருந்தது.

கொடும் வெயில் காலம். ஆறுமுகமும் நானும் கோர்ட்டுப் பொருளறையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அதன் கழுத்தில் எம்.ஓ. 1 என்று எழுதிய அட்டை நூலில் கட்டித் தொங்கியது. பிய்த்துவிடுங்கள் என்றேன். சரசா பிய்க்கட்டும் என்றார்.

வேப்ப மரத்தடியில் வாய்தாவுக்கு வந்து காத்திருந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை மயங்கிச் சரிந்தாள். கூட்டம் கூடியது. தண்ணி, தண்ணி என்று எல்லாரும் கத்தினார்களே தவிர யார் கையிலும் தண்ணீர் இல்லை. ஆறுமுகம் குழாயடிக்கு ஓடினார். அந்தச் சொம்பிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். நின்றுவிட்டார்.

தண்ணீர் சொம்பின் வாயில் தளும்பிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். கைதிகளோடு வந்த ஒரு போலீஸ்காரர் அங்கே நின்றிருந்தார். ஆறுமுகம் சொம்பை அவருக்கு நேராக உயர்த்திக் காட்டினார். ஆறு வருஷம் ஜெயிலில் கற்றுக்கொண்ட தெலுங்கில், உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"சார், நீள்ளு போஸ்தா உண்டானு. கொட்டேதி காது. அந்தரு சூடண்டி."

தண்ணீர் ஊற்றுகிறேன், அடிக்கவில்லை, எல்லாரும் பாருங்கள் என்று. போலீஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த ஆளுக்குப் பித்தா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இளம் வக்கீல்களே, எந்த வாக்குமூலம் கைக்கு வந்தாலும் முதல் கேள்வி, சொன்னவன் எந்தப் பாஷையில் சொன்னான் என்பதாக இருக்கட்டும். நான் கற்ற பாடம் அதுதான், நாற்பது வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஆனால் அந்த மரத்தடியில் எனக்குப் பாடம் எதுவும் தோன்றவில்லை. "நான் பாத்துக்கினு இருக்கறேன், நீங்க ஊத்துங்க ஆறுமுகம்" என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் அந்தப் பெண்ணின் தலையில் தண்ணீரை ஊற்றினார்.